இழுத்தாலும் அவிழாத கில்ட்

லுங்கி என்னைக் கைவிட்டது பால் சங்கத்து வாசலில். இரண்டு கையிலும் பால் கேன். எங்கள் பெருமாட்டிப் பக்கம் ஆடி பிறக்கும் முன்பே மலைக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிடும். அன்று அது என் முடிச்சைத் தளர்த்திவிட்டது. கேனைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடிப்பதா, மானம் போனாலும் பாலைக் காப்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் லுங்கி தரையில் கிடந்தது. உள்ளே டிரவுசர் இருந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல். வரிசையில் நின்ற யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இனி லுங்கியோடு வாசற்படி தாண்டுவதில்லை என்று முடிவு செய்தேன். பேண்ட் போட்டுப் பார்த்தேன். குடலிறக்க ஆபரேஷன் செய்த தழும்பின் மேலேயே அதன் பட்டை வந்து உட்கார்ந்தது. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மாடுகூட என்னைக் கண்டால் ஒதுங்கி நின்றது.

அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தொப்பை வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், முழங்கால் வரை மடிப்பு வைத்த ஒரு துணியை இடுப்பில் வாரால் இறுக்கிக்கொண்டு விறகு பிளந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், கோடரியைத் தலைக்கு மேல் ஓங்கினார். ஒன்றும் அவிழவில்லை. கில்ட் என்று அதற்குப் பெயர் போட்டிருந்தது. எனக்கு ஏதோ மோட்சம் கிடைத்த மாதிரி இருந்தது.

விலை பார்த்தபோது மோட்சம் கொஞ்சம் தள்ளிப் போனது. அசல் கம்பளியில், கல்யாணத்துக்குக் கட்டுகிற கில்ட்டின் விலைக்கு ஒரு நல்ல கன்றுக்குட்டி வாங்கலாம். மேலும் எங்கள் வெயிலில் கம்பளி கட்டினால் நான் வெந்துவிடுவேன். தேடித் தேடி, சும்மா வெளியே போட்டுக்கொள்கிற ரகம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பருத்தி, செம்மண் நிறம், இரண்டு பக்கமும் பாக்கெட், இடுப்பில் இரண்டு வார். இரண்டு நல்ல வேட்டியின் விலைதான்.

பேண்ட் அளவைக் கொடுக்காதீர்கள், தொப்புளுக்கு நேராக அளந்து கொடுங்கள் என்று விற்பவர்கள் எச்சரித்திருந்தார்கள். நாம் விவரமான ஆள் என்ற நினைப்போடு டேப்பை எடுத்து அப்படியே அளந்தேன். கட்டியிருந்த லுங்கியின் முடிச்சுக்கும் சுருட்டலுக்கும் மேலேயே அளந்தேன். வந்த கில்ட்டுக்குள் என்னோடு ஒரு குழந்தையும் நிற்கலாம் போல இருந்தது.

அதோடு விடவில்லை. மடிப்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று என் மனைவியைக் கேட்டேன். சேலைக் கொசுவம் முன்னால்தானே என்றாள். எனக்கும் அது நியாயமாகப்பட்டது. இரண்டு நாள் தோப்பில், இடுப்பில் கயிற்றைக் கட்டி, மடிப்பை முன்னால் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அந்த வெள்ளைக்காரரின் முதுகுப் பக்கத்தை மறுபடி பார்த்தபோதுதான் மடிப்பு பின்னால் வர வேண்டும் என்பது புரிந்தது. அவளிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

எங்களுக்கு அடுத்த ஊரான சித்தூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவர் இருக்கிறார். கில்ட்டை நீட்டினேன். இது என்ன என்று அவர் கேட்கவே இல்லை. வாரைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார், ஒவ்வொரு வாரிலும் உள்ளே தள்ளி இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். இறுக்கி மாட்டியபோது இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆடிப் பதினெட்டுக்கு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். என் மனைவி அதுவரை சிரித்தவள், அன்று காலையில் என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க, எங்கப்பன் முன்னால இதைக் கட்டீட்டா வரப்போறீங்க? மருவாதி தெரியாத ஆளுன்னு நெனைச்சுப் போடுவாருங்க."

அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மடித்துக் கட்டிய லுங்கியைப் பெரியவர்களைக் கண்டால் இறக்கிவிட வேண்டும். அது எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. இருபத்திரண்டு வருஷத்தில் மாமனார் முன்னால் என் முழங்கால் ஒருமுறைகூடத் தெரிந்ததில்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை. உங்கப்பா ஒரு வார்த்தை குறை சொல்லட்டும், அன்றைக்கே இதைக் கால்மிதியாகப் போட்டுவிடுகிறேன் என்றேன். கில்ட்டின் தலையெழுத்து அவர் வாயில் இருந்தது.

காற்றுக்காக முன்பக்கத்தில் ஊக்குக் குத்திக்கொண்டு பைக்கை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்தவள் வழியெல்லாம் திட்டினாள். ஆனால் என் மடிப்பு பறக்காமல் வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்ததும் அவள்தான்.

மாமனாருக்கு எட்டு மாதத்துக்கு முன் வலது கை இழுத்துக்கொண்டது. கால் லேசாகத்தான் தடுமாறும், இடது கையில் தடி ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். ஆனால் வாசலைத் தாண்டுவதே இல்லை. தினமும் மூன்று தரம் டீக்கடைக்குப் போனவர். மனசு விட்டுப்போச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். என் மச்சினன் எலாஸ்டிக் பேண்ட் வாங்கிக் கொடுத்தான். அது பிரிக்காமலே பீரோவில் இருந்தது.

நாங்கள் போனபோது மச்சினனும் பங்காளிகள் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, வாயைத் திறக்கப் போன நேரத்தில் மாமனார் வாசற்படி வரை வந்தார். மூன்று பேரின் லுங்கிகளும் சரேலென்று இறங்கின. என் கையும் பழக்கத்தில் கீழே போய் கில்ட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. இறங்க அங்கே என்ன இருக்கிறது? பதற்றத்தில் இன்னும் பலமாக இழுத்தேன். முழங்கால் முழங்காலாகவே நின்றது. பங்காளி ஒருவர் தொண்டையைச் செருமினார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமனார் என் முழங்காலைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா இழுங்க மாப்ளெ."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இழுத்தேன். மகனையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அவன் என் கோலத்தைப் பார்த்த கடுப்பில் ஓங்கி இழுத்தான். நான்தான் ஆடினேன், கில்ட் அசையவில்லை.

மாமனார் தடியை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு கையில தடி. இன்னொரு கை ஆவறதில்லீங்க. ரோட்டுல லுங்கி அவுந்துச்சுன்னா எதை உட்டுப்போட்டு எதைப் புடிக்கறது?"

எட்டு மாதமாக அவர் ஏன் வாசலைத் தாண்டவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மனைவி அழுதேவிட்டாள். பால் சங்கத்து வாசலில் நான் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் அவர் எட்டு மாதமாக மனசுக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க, ஆனால் இந்த மண்ணு நிறம் வேண்டாம், கறுப்பு இருந்தா பாருங்க என்றார். பேண்ட் வேண்டாமென்று தள்ளியவர் இதை ஏன் கேட்கிறார் என்று மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. காத்தாடக் கட்டிப் பழகின காலுடா என்றார் மாமனார்.

இந்தத் தடவை நான் லுங்கி முடிச்சை விலக்கிவிட்டு, தொப்புளுக்கு நேராக உடம்போடு அளந்தேன். வந்ததும் சித்தூருக்குக் கொண்டுபோனேன். செருப்புத் தைப்பவர் வாரை எடுத்துவிட்டு, ஒற்றைக் கையால் அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்தார். அதற்கும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் காலை மாமனாரின் ஊரில் அவரும் நானும் டீக்கடைக்கு நடந்தோம். அவர் கறுப்பு, நான் செம்மண். காற்று தென்னை ஓலைகளைப் போட்டு உலுக்கியது. அவர் தடியை மட்டும் பிடித்திருந்தார். இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. கடை பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். எங்கள் நான்கு முழங்காலையும் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவன் சிரித்தால் போதும், பழைய பாக்கி எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று நான் தயாராக இருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்ததும் மடித்துக் கட்டிய லுங்கிகள் ஒவ்வொன்றாக இறங்கின. மாமனார் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கேட்டார்.