துண்டு யார் கையில்

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துத் தரும் அந்தச் சலவை ஆலையில் அவளுக்குப் பஞ்சக்கா என்றுதான் பெயர். அண்ணன் குத்துச்சண்டை போட்ட காலத்தில் மேடை மூலையில் நின்று, கிழிந்த புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்தியவள் அவள். கடைசிச் சண்டையில், ஏழாவது ரவுண்டு முடிந்து வந்து உட்கார்ந்தவனிடம், "போதுமாண்ணே?" என்று கேட்டாள். "முடியும்டி" என்றான். நம்பி அனுப்பினாள். இன்று அவனுக்கு ஒரு கண் தெரியாது, விரல்களும் சொன்னபடி கேட்காது. சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிடுகிறாள். இருபது வருடமாகியும் தன் மேல் அவளுக்கு இருக்கும் கோபம் ஆறவில்லை.

அந்தக் கோபத்தில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே வந்து சேர்ந்தவன் சூப்பர்வைசர். இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து அவன் வாயில் குத்துச்சண்டைதான். டார்கெட்டை நாக்-அவுட் பண்ணணும், போட்டிக் கம்பெனியைக் கார்னர் பண்ணணும். ஏசி அறையை விட்டு அசையாதவனுக்கு, குத்து என்றால் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதுதான்.

அன்று, துணி தேய்க்கும் நீராவி உருளைக் கூடத்தில் வெக்கையை வெளியே தள்ளும் காற்றாடி பழுதாகி ஆறாவது நாள். ஈரப் படுக்கைவிரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உருளைக்குள் விட வேண்டும். விரல் பிந்தினால் விரலையும் சேர்த்துத் தேய்த்துவிடும். விரல் உள்ளே போகாமல் தடுக்கும் காப்புக் கம்பி இருந்தால் வேகம் குறைகிறதாம். போன மாதமே கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள்.

எதிர்முனையில் கண்ணாடிக்காரர். அறுபதை நெருங்குகிறவர். முகம் வெளுத்திருந்தது.

"கொஞ்சம் வெளிய போய் உக்காந்துட்டு வாங்கண்ணே."

"முடியும்மா. இன்னும் நாப்பது விரிப்புதானே."

அண்ணன் சொன்ன அதே சொல். அவர் கை துணியின் ஓரத்தை ஒருமுறை தவறவிட்டது, மறுமுறையும் தவறவிட்டது. மூன்றாம் முறை விரல் துணியோடு சேர்ந்து வழுக்கிப் போனதைப் பார்த்தாள். சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். உருளை நின்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தான். "யாரு நிறுத்துனது?"

"நான்தான்."

"கடைசி ரவுண்டுல டவலை வீசுறவங்க என் டீம்ல வேணாம்னு காலைலதானே சொன்னேன்!"

அதுவரை அவனை சார் என்று அழைத்தவள் அத்தோடு அதை விட்டாள்.

"டவலாம் டவலு! அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? அந்தக் காலத்துல கூட்டம் வட்டமா நின்னு வேடிக்கை பாக்கும். அதான் மேடை சதுரமானாலும் ரிங்குன்னு பேரு. நடுவுல ஒரு கோடு கீறுவாங்க. விழுந்தவன் அரை நிமிஷத்துல அந்தக் கோட்டுக்கு வரணும். வருவான். உசுரு போனாலும் வருவான். சண்டை போடுறவன் வாயிலேர்ந்து போதும்னு வராதுய்யா! அதுக்குத்தான் மூலையில ஒரு ஆளு. சண்டைய நிறுத்துங்கன்னு மேடைக்குள்ள மொதல்ல ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டாங்க, அப்புறம் துண்டு. அது பயந்து ஓடுறவன் சமாசாரம் இல்ல. ஆளைச் சாக விடாம காப்பாத்துறவன் சமாசாரம்!"

"எனக்கே பாடமா? அவரையே கேட்டுடுவோம். பெரியவரே, முடியுமா முடியாதா?"

கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முடியும் சார்."

சூப்பர்வைசர் இளித்தான்.

"அவரைக் கேக்காத," என்றாள் பஞ்சக்கா. பொத்தானை விட்டுக் கையை எடுக்கவில்லை. "அவரு சொல்றது செல்லாது."

துணி மடிக்கிற பெண்ணொருத்தி வந்து, ஒரு ஸ்டூலை அவருக்குப் பின்னால் போட்டாள். அவர் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் இரண்டு தரம் கூப்பிட்டான். எழுந்திருக்க அவரால் முடியவில்லை. அதைக் கூடமே பார்த்தது. யாரும் உருளைப் பக்கம் போகவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் வந்தான். காற்றாடி ஓடியது, காப்புக் கம்பியும் ஏறியது. பஞ்சக்காவுக்கு மூன்று நாள் சஸ்பெண்ட். நன்றி சொல்ல ஒரு நாதியில்லை. நாலாம் நாள் எதிர்முனையில் வந்து நின்ற கண்ணாடிக்காரர் அவள் முகத்தையே பார்க்கவில்லை.

"எல்லார் முன்னாடியும் என்னைக் கெழவனாக்கிட்டியேம்மா. வெக்கமா இருக்கு."

"திட்டுங்கண்ணே. பத்து வெரலையும் நீட்டி, நல்லாத் திட்டுங்க."

அவர் சிரிக்கவில்லை. மூட்டையிலிருந்து ஒரு விரிப்பை உருவி, உதறி, அவளுடைய முனையை அவள் பக்கம் எறிந்தார்.