சஷ்டி விரதத்தில் பார்த்த படம்

கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள் மாலை, கோயில் பூசையை நேரலையில் பார்க்க என் மாமியார் தொலைக்காட்சியைப் போட்டார். முருகன் வரவில்லை. பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்பிள்ளைகள் மழைக்குள் மூக்கு முட்ட நின்றார்கள். முத்தத்துக்கு ஒரு விநாடி முன்னே யாரோ படத்தை நிறுத்தியிருந்தார்கள்.

"இது ஆர் பாத்தது?"

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஐந்து பேர். என் கணவர் கிரிக்கெட் தவிர எதையும் பார்ப்பதில்லை. மகளுக்கு மூன்று வயது. மீதி கணவரின் தங்கை. பதினேழு வயது, ஏ.எல். படிக்கிறாள். சோபா மூலையில் அவள் முகம் வெளிறியிருந்தது. குஷனைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்ததும், அது அவளுக்கு வெறும் படமில்லை என்று எனக்கு விளங்கியது.

"நான்தான் மாமி. நேற்றுப் பாத்தனான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டாவது பிள்ளை வேண்டி, மாமி சொன்னபடி ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருப்பவள் நான்.

"விரதத்தோடயோ?" மாமியின் குரல் ஏறியது. "என்ர மருமகள் புராணம் படிக்கிறாள் எண்டு கோயில்ல எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். நீ இங்க படம் பாக்கிறாய்!"

"கொஞ்சம்தான் மாமி."

"கொஞ்சமோ? பாதிக்கு மேல ஓடியிருக்கு. கீழ கோடு காட்டுது, பிள்ளை!"

திரையில் நின்றவர்கள் யார், என்ன செய்யப் போகிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணிலேயே படவில்லை. முருகன் காப்பாற்றினார், என்னை அல்ல.

குறுக்கு விசாரணைக்குப் பயந்து, மறுநாள் மத்தியானம் மகள் தூங்கும்போது முழுப் படத்தையும் பார்த்தேன். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவள். இந்தப் படங்களில் காதலிக்கும் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு சைக்கிளும் ஆளில்லாத கடற்கரையும் கிடைத்துவிடுகின்றன. ரியூஷன் மட்டும் கிடையாது. எங்களுக்கும் கடல் இருக்கிறது. ஆனால் அதற்குப் போகும் வழியில் தண்டவாளமும் தெரிந்த பத்துப் பன்னிரண்டு அன்ரிமாரும் இருக்கிறார்கள். முத்தக் காட்சியில் அழுதேன். வெறும் வயிறும் காரணமாக இருக்கலாம்.

பின்னேரம் அவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேற ஆர் சொல்றது?"

கேட்க எனக்குப் பத்துக் கேள்விகள் இருந்தன. யாராவது இருக்கிறாளா? எப்போதிருந்து? மாமிக்கு மறைப்பது சரியா? கேட்காமல் விட்டது அன்பா, கோழைத்தனமா என்று இன்றும் தெரியாது.

"மிச்சத்தைப் பாத்தனியோ?"

"இல்லை."

"உன்ர அம்மா சூரன்போருக்கு வெளிக்கிடுறா. எட்டு மணிக்கு முதல் வரமாட்டா."

அவள் ரிமோட்டை எடுத்தாள். பிறகு திரும்பி, "நீங்களும் இருங்கோ," என்றாள்.

இருந்தேன்.