வாங்க வராதவள்

துணிக்கடையின் துண்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் நின்றதில் அவளுடைய கால்கள்தான் முதலில் கைவிரித்தன. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்துக்கொண்டன. இனிமேல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டைப் படித்த மேனேஜர் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை, வேறொரு வேலை கொடுத்தார். அவளைத் தெரியாத கிளைகளுக்கு வாடிக்கையாளர் போலப் போய்வர வேண்டும். பார்த்ததும் சிரித்தார்களா, எத்தனை நிமிடத்தில் கவனித்தார்கள், விற்பவர்கள் உட்கார்ந்திருந்தார்களா, உட்கார ஏதாவது வைத்திருந்தார்களா என்று முப்பது கேள்விகளுக்குப் பதில் எழுதித் தர வேண்டும். இந்த வேலைக்கு 'சேவைத் தர மதிப்பீட்டாளர்' என்று பெயர்.

வீட்டில் அந்தப் பெயர் ஒரு வேளை சாப்பாடுவரைகூடத் தாங்கவில்லை. பள்ளி வேன் ஓட்டும் கணவர் 'உளவுத்துறை வந்தாச்சு' என்று கதவைத் திறந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் ஒற்றன், வேவுகாரன், துப்பாள் என்று அகராதியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மூன்று வருடமாக எதற்கும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"உளவாளின்னா எதிரி ஊருக்குப் போவான். நான் நம்ம கடைக்குத்தானே போறேன்?"

"அதுதாம்மா இன்னும் மோசம். அதுக்குப் பேரு ஆள்காட்டி," என்றாள் மகள்.

சிரிக்கத்தான் சொன்னாள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் இருந்தது. இந்த வேலைக்கு மாறிய முதல் மாதமே, நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு விற்பனைப் பெண் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, உட்காருவதைப் பற்றிய பதினேழாம் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதியிருந்தாள். அந்தப் பெண்ணைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளதைத்தானே எழுதினோம் என்று மூன்று வருடமாகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள் மத்தியானம் ஒரு கிளையில் படுக்கை விரிப்புகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்பனைப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒன்பது விரிப்புகளை முகம் சுளிக்காமல் விரித்து மடித்தாள். பத்தாவதைக் கேட்கும்போது இவளுக்குக் கண் இருட்டியது. அந்தப் பெண் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அக்கா. கேமராவுக்கு இந்த மூலை தெரியாது."

தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று சாயங்காலம் பதினேழாம் கேள்விக்கு எதிரே பேனா வெகுநேரம் நின்றது. கடைசியில் 'இல்லை' என்று எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். அதே நாள், அதே கிளையைப் பற்றி இன்னொருவர் எழுதிய அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தார். அதில் ஸ்டூல் இருந்தது, தண்ணீர் இருந்தது, அவளும் இருந்தாள். பக்கத்தில் ஒரு மனிதர் தலையணைகளைச் சாவகாசமாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எல்லாருக்குப் பின்னாடியும் ஒருத்தர் போவாரு," என்றார் மேனேஜர். உங்கள் பின்னாலும் வருவார்களா என்று கேட்டாள். அவர் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம் என்றார்.

வீட்டுக்குப் போகாமல் அந்தக் கிளைக்கு பஸ் ஏறினாள். ஸ்டூல் போயிருந்தது. விற்பனைப் பெண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. என்னால்தான் இது என்று இவள் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பெண் கையமர்த்தினாள்.

"நீங்க யாருன்னு அன்னிக்கே தெரியும் அக்கா. வாங்க வர்றவங்க துணியத்தான் முதல்ல தொடுவாங்க. நீங்க கடிகாரத்தப் பாத்தீங்க."

"தெரிஞ்சுமா ஸ்டூல எடுத்துப் போட்ட?"

"உங்க காலு அப்படி வீங்கிக் கிடந்துச்சு. வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

 யாரிடமும் சொல்லாத அந்தக் கர்ப்பிணியின் கதையை இவள் அங்கேயே நின்றபடி சொல்லி முடித்தாள். அந்தப் பெண் தலையணை உறைகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.  எந்தக் கிளை என்று மட்டும் விசாரித்துவிட்டு, "போய்ப் பாருங்க," என்றாள்.

மறுநாள் போனாள். குடோன் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. வாசலில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்த ஆள், அந்தப் பெண் பிரசவத்துக்குப் போனவள் திரும்பவே இல்லை என்றார். குழந்தை நன்றாகத்தான் பிறந்ததாகக் கேள்வி என்றார். வீடு எங்கே என்று கேட்டதும் அவருடைய பார்வை மாறிவிட்டது. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு கேக்கறீங்களே, நீங்க யாரு? கம்பெனி ஆளா?"

இல்லை என்றாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மறுபடி பெட்டிகளை எண்ணத் தொடங்கினார்.

பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். வீட்டில் கணவர் கதவைத் திறந்தார். முகத்தைப் பார்த்தவர், எந்தப் பெயரும் சொல்லி அழைக்காமல், கால் ஊறவைக்க வெந்நீர் போடப் போனார்.