சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

அந்த வண்டியின் முகப்பு என் மார்பளவு உயரம். அதற்கும் முன்னால் தடித்த இரும்புக் குழாயில் ஒரு தடுப்பு. அதில் பூனை மயிர் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுத்தான் என் கணவர் சந்தனம் வைத்தார்.

இந்த வளைகுடா நாட்டில், அப்பாசியா என்ற பகுதியில், எங்கள் கட்டடத்துக்கும் சாலைக்கும் நடுவே வெறும் மணல்வெளி. பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு அங்கேதான் நிற்பார்கள். சாலையில் ஒரு வேகத்தடை போட்டிருக்கிறது. அதில் மெதுவாக ஏறி இறங்கப் பொறுமையில்லாதவர்கள் ஒரு பக்கச் சக்கரங்களை மணலில் இறக்கி, வந்த வேகத்திலேயே போய்விடுவார்கள். பூனைகள் நசுங்கிக் கிடக்கும். அள்ள ஆள் வருவதற்குள் அடுத்தடுத்த டயர்கள் தேய்த்து மணலோடு மணலாக்கிவிடும். அதைத் தாண்டித்தான் மகளைக் கூட்டிப் போவேன்.

"அதுக்குத்தான் பெரிய வண்டியா வாங்குதேன். பிள்ளைக்குப் பாதுகாப்பு," என்றார் கணவர்.

விற்கிறவர் மேல்மாடி அண்ணாச்சி. வேலை முடிந்து ஊருக்கே திரும்புகிறவர். "யார் மேல மோதினாலும் நமக்கு ஒரு கீறல் விழாது மாப்ளே. எதிர்ல வாரவன் கலாஸ், முடிஞ்சான்!" என்று முகப்பைத் தட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நல்ல காரியம் நடக்கும்போது முகம் சுளிக்கக் கூடாதே என்று நானும் சிரித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை. நான்கு சக்கரங்களுக்கு முன்னும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. ஊருக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டும் என்று கணவர் என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏறச் சொன்னார். ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அகன்ற கறுப்பு முகப்பு, அதற்கப்பால் கட்டடத்தின் ஜன்னல்கள். மகளைக் காணவில்லை.

"பாப்பா எங்கங்க?"

"இங்கதாம்மா! லெமன் எப்ப ஸ்குவாஷ் ஆகும்?"

குரல் வண்டிக்கு நேர் முன்னாலிருந்து வந்தது. இறங்கி ஓடினேன். அவள் குனிந்துகூட இருக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை, அந்த இரும்புக் குழாயைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

எஞ்சினை அணைத்தேன். கணவரை அதே இருக்கையில் ஏற்றி, மகளை அதே இடத்தில் நிற்க வைத்து, அவள் கையைப் பிடித்தபடி நான் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றேன். "பாப்பா தெரியுதா?" அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "தெரியல," என்றார். பிறகு, "முன்னால ஒரு கேமரா மாட்டிட்டாப் போச்சு," என்றார்.

"வண்டிய ஏன் குறை சொல்லுத? பிள்ளைய முன்னால விட்டது யாரு? தாய்தானே பாக்கணும்," என்றார் அண்ணாச்சி.

சக்கரம் சக்கரமாகக் குனிந்து நான்கு பழங்களையும் எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டேன்.

"ஏ, என்ன காரியம் செஞ்சே! நசுங்காத பழத்த எடுக்கலாமா?" என்று கணவர் பதறி இறங்கினார். அண்ணாச்சிக்கும் முகம் கறுத்துவிட்டது.

அந்த வண்டி வேண்டாம் என்று மாலையில் கணவரே சொன்னார். சகுனம் சரியில்லையாம். மகள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அல்ல, எலுமிச்சம்பழத்துக்காக. நிம்மதிதான். ஆனால் அன்று அந்தப் பழங்களைப் பிழிந்து கிளறிய எலுமிச்சைச் சாதத்தை என்னால் விழுங்க முடியவில்லை. இன்னும் நிதானமாக எடுத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்று இப்போதும் நினைப்பேன். பிறகு, "கேமரா மாட்டிட்டாப் போச்சு" என்ற குரல் நினைவுக்கு வரும்.

வண்டியைப் பக்கத்துக் கட்டடத்துக்காரர் வாங்கிக்கொண்டார். காலையில் பேருந்துக்குப் போகிற வழியில், மளிகைக்கடை வாசலில் அந்த வண்டி எஞ்சின் ஓட நின்று, கடைக்காரர் தண்ணீர் பாட்டிலோடு வெளியே வரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அதன் முகப்புக்கு முன்னால் கடக்கும்போது மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். பையோடு சேர்த்துக் கனக்கிறாள்.

"இறக்கி விடும்மா, நான் என்ன பேபியா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கணும்னுதான் தூக்குறேன்."