எண்பத்து மூன்று விடைத்தாள்கள்

பதுளையில் தற்காலிக விரிவுரையாளராக இருந்த இரண்டாவது வருடம், இறுதியாண்டுப் பரீட்சைக்கு ஒரு மண்டபத்தை என் பொறுப்பில் விட்டார்கள். எண்பத்து நான்கு பேர். என்னோடு வரவேண்டிய இன்னொரு விரிவுரையாளர் மழையில் மொனராகலைப் பாதையில் மாட்டிக்கொண்டதால், நானும் மண்டப உதவியாளரும் மட்டும்தான்.

நான்கு நாளாக விடாத மழை. மலைப்பக்கத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தார்கள். என் அம்மாவும் அப்பாவும் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், சரிவின் அடியில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடொன்றில்தான் குடியிருந்தார்கள். அன்று பிள்ளைகளைப் பார்த்த அளவுக்கு ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரைக்கு மணி அடித்தது. விடைத்தாள்களைச் சேர்த்துக்கொண்டு வரும்போது கரண்ட் போய்விட்டது. கடைசி வரிசையை அரை இருட்டில்தான் வாங்கினேன். எல்லாத் தாளையும் எண்ணி முடிக்கும்வரை யாரையும் எழும்ப விடக்கூடாது என்பது விதி. ஆனால், "மிஸ், இந்த பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல மிஸ்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அம்மாவின் ஞாபகம் வந்தது. "சரி, போங்க" என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் எண்ணினேன். எண்பத்து மூன்று. வரவுத்தாளில் எண்பத்து நான்கு கையெழுத்து.

மறுபடி எண்ணினேன். உதவியாளரை எண்ணச் சொன்னேன். மேசைகளுக்கு அடியில் போன் வெளிச்சத்தில் தேடினோம். தாள்களில் இருந்த பரீட்சைச் சுட்டெண்களை வரிசைப்படுத்திப் பார்த்ததில், கடைசி வரிசை மூலையில் இருந்த ஒரு பெண்ணின் தாள்தான் இல்லை. அது கிடைக்காவிட்டால் அவள் என்ன எழுதினாள் என்பதற்கே சாட்சி இருக்காது. என் ஒப்பந்தமோ அடுத்த மாதம் முடிகிறது. எதற்காக அதிகம் பயந்தேன் என்று இப்போதும் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

அரைமணி நேரம் போயிருக்கும். அந்தப் பெண் ஓடி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிளாஸ்டிக் பைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"மிஸ், வினாத்தாளோட சேந்து இதுவும் பைலுக்குள்ள போயிருச்சு மிஸ். பஸ்ஸுக்குள்ள ஏறித்தான் பாத்தேன். இறங்கி ஓடியாந்துட்டேன்."

விடைத்தாளை நீட்டினாள். ஓரம்கூட நனையவில்லை.

உதவியாளர் கதவைப் பார்த்தார். "உள்ள வச்சிருங்க மிஸ். கட்டு இன்னும் சீல் வைக்கலதானே. நம்ம மூணு பேரத் தவிர யாருக்குத் தெரியப்போகுது?"

என் கையும் அந்தக் கட்டுப் பக்கம்தான் போனது. பொய் சொல்ல மாட்டேன் என்ற வீரமெல்லாம் அந்த நேரத்தில் என்னிடம் இல்லை. அந்தத் தாள் அரைமணி நேரம் வெளியே இருந்தது என்ற ஒன்றுதான் என்னைத் தடுத்தது. அவள் ஒரு எழுத்தும் சேர்த்திருக்க மாட்டாள் என்று நம்பினேன். ஆனால் எனக்குத் தெரியாது.

"இத நான் இப்பிடியே சேக்க முடியாதும்மா" என்றேன்.

அவள் முகம் வெளிறிப் போனது. "மிஸ், நீங்களும் தோட்டந்தானே."

பிரதான மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தத் தாளை வேறயா ஒரு உறைக்குள்ள போட்டு ஒட்டுங்கோ. நேரத்தைப் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. நடந்ததை எழுதித் தாங்கோ" என்றார்.

அப்படியே செய்தோம். முதலில் அவள் கையெழுத்துப் போட்டாள், கீழே நான் போட்டேன். அவள் ஒரு தோழியின் அறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "மாணவி விடைத்தாளை மண்டபத்துக்கு வெளியே எடுத்துச் சென்றார்" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் படிக்கிறவர்களுக்கு அவள் மட்டும்தான் தெரிவாள். எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: "கரண்ட் போன நேரத்தில், விடைத்தாள்களை எண்ணி முடிக்கும் முன்பே நான் மாணவர்களைப் போக அனுமதித்தேன்." எழுதி முடித்ததும் வீட்டுக்குப் போன் எடுத்தேன்; லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் அம்மா. எழும்பிப் போய்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

விசாரணை நடக்க ஐந்து வாரம் ஆனது. விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். "வெளியே வைத்து எதுவும் எழுதினாரா?" என்று கேட்டார்கள். கதவருகே போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த விடைத்தாளை ஏற்கவில்லை. ஆனால் தவறு மண்டபப் பொறுப்பாளருடையது என்று என் அறிக்கையிலேயே இருந்ததால், அவளை மோசடியில் சேர்க்கவில்லை. அடுத்த வருடம் அந்தப் பாடத்தை, புள்ளிகள் எதையும் வெட்டாமல், முதல் தடவை எழுதுவதுபோலவே எழுதலாம் என்று முடிவு செய்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை அதன் பிறகு ஆறாறு மாதமாகத்தான் நீட்டினார்கள்.

மறுவருடம் அவள் எழுதி, நல்லபடியாகவே பாஸ் ஆனாள். பரீட்சை முடிவுக் கடிதம் வாங்க அலுவலகத்துக்கு வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"மிஸ், அன்னைக்கு உள்ள வச்சிருந்தீங்கன்னா எனக்கு ஒரு வருசம் மிச்சம்."

"ஆமா" என்றேன்.

வாங்கிய கடிதத்தைப் பைலுக்குள் வைத்தாள். பிறகு, "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கோபமா, சமாதானமா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை.