சின்ன ஹாலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

ஞாயிற்றுக்கிழமை காலையில், மலேசியாவின் ஈப்போ நகரத்தை ஒட்டிய புந்தோங்கில் எங்கள் வீட்டு ஹால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால், பக்கத்து வீட்டுப் பாட்டு முதுகெலும்பு வழியாக மேலே ஏறும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் சவரி அண்ணன் மாதா பாட்டு போட்டாரென்றால் இந்தப் பக்கம் எங்கள் அலமாரியில் கிளாஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கும். எதிர் வரிசையில் முருகன் பாட்டு, கோடி வீட்டில் பழைய சினிமாப் பாட்டு என்று எல்லாமாகச் சேர்ந்து, கறி வதங்கும் வாசனையோடு பதினோரு மணி வரைக்கும் தெருவிலேயே நிற்கும். பாட்டு தன் வீட்டுக்குள் கேட்டால் போதாது, இரண்டு வரிசை தள்ளிக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வட்டாரத்து மரியாதை. அந்த மரியாதை இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். "சாவு வீடு மாதிரி கெடக்கு" என்பார் அம்மா.

சின்ன ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று இப்போதும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எனக்கு அதில் விவரம் உண்டு என்று பெயர். நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஏனென்று யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

ஈப்போவுக்கு வருவதற்கு முன் அப்பா ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் வருஷக்கணக்கில் அவர் காதுகளைத் தின்றுவிட்டது. தோட்டத்தை விட்டு வந்தபின் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினார். அந்த பஸ்ஸில்தான் எங்கள் சோறும் வீட்டு வாடகையும் என் படிப்பும் ஓடின. காது போனது பஸ் முதலாளி தவுக்கேவுக்குத் தெரிந்தால் அன்றோடு சாவியைப் பிடுங்கிவிடுவார் என்பதால் அப்பாவும் அம்மாவும் அதை வெளியே விடவில்லை, எனக்கும்கூடச் சொல்லவில்லை. எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ள அப்பா பழகியிருந்தார். முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். "ஒங்கப்பா மாதிரி காது குடுத்து கேக்கற மனுசன் கெடையாதுலா" என்று சவரி அண்ணன் ஒருமுறை என்னிடம் மெச்சிச் சொன்னார். பஸ் உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனைகளை அப்பா எப்படித் தாண்டி வந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் இருந்தபோது, தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், நம் வீட்டுக்கும் ஹைஃபை வாங்கிவிடுவோம் என்று அப்பா சொன்னார். எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த முதல் ஆள் நான். பள்ளி நூலகத்தில் ஒரு பழைய மின்னணுப் பத்திரிகையைத் தோண்டி எடுத்து, சிறிய அறைக்கு ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இருந்த நான்கு பக்கத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அம்மாவின் தையல் டேப்பால் ஹாலை அளந்தேன்: நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து. இவ்வளவு சின்ன அறையில் ஆளுயரப் பெட்டியை வைத்தால் "பாஸ்" எனும் கனத்த ஒலி சுவரில் மோதிக் குழம்பிப்போகும், அலமாரி மேல் வைக்கிற சின்ன ஜோடிதான் சரி, இரண்டும் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் வகுப்பெடுத்தேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா சொல்றதுதான். கடைக்கு நீ வா. நீயே பாத்து எடு" என்றார்.

கடை ஈப்போ டவுனில் இருந்தது. என் தாய்மாமனும் கூட வந்தார். மாமா அப்போது எந்த வேலையிலும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காதவர், ஆனால் சிரிக்கவைப்பதில் கெட்டிக்காரர். எனக்கு அவர் என்றால் உயிர். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் அப்பா, இடுப்பளவு உயரமிருந்த கறுப்பு ஜோடிக்கு நேராக நடந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பவரைப் போல அப்படியே நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் பாட்டு," என்றார். "இதக் கட்டிருவோம்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன், டேப் வைத்து அளந்திருக்கிறேன், இவர் கையை வைத்துப் பார்த்து வாங்குகிறாரே! கடைப் பையனும் பெரியதை விற்கும் ஆசையில், "அண்ணே, ஒங்க கை சொன்னா சரியாத்தான் இருக்கும்லா" என்று அவர் பக்கம் சேர்ந்துகொண்டான். மாமா என் தோளில் இடித்து, "என்னடா டாக்டரு, படிச்சது வேலைக்கு ஆவலயே" என்றார்.

பத்திரிகையில் இன்னொன்றும் போட்டிருந்தது: எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று தெரியாமல் கேட்டால்தான் உண்மையான தேர்வு. அப்பாவைத் திரும்பி நிற்கச் சொன்னேன். மாற்றி மாற்றிப் போடுவோம், எது நல்லா இருக்கிறதென்று சொல்லுங்கள், நான் தோளைத் தொடும்போது சொன்னால் போதும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒரு நொடி தயங்கினார். கடையில் நான்கைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டும். "சரி ஐயா" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

எந்த வாயும் கண்ணில் படாத இடத்தில் அவரை நிறுத்திவிட்டேன் என்பது இன்று எனக்குத் தெரிகிறது.

முதலில் பெரியதைப் போட்டேன். தோளைத் தொட்டேன். "பெருசு. நல்லா இருக்கு" என்றார். தரை வழியாகக் காலில் தெரிந்திருக்கும். மறுபடி பெரியதையே போட்டேன், மறுபடியும் சரியாகச் சொன்னார். என் தோல்வி கண்ணுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மாமா ஒரு கண்ணை அடித்து, ஒலியைக் குறைக்கும் குமிழைக் காட்டி, சுத்தமாக அணைத்துவிடு என்று விரலால் சைகை செய்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. குமிழை முழுக்கத் திருகினேன். கடைக்குள் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அந்த அமைதியில், மெதுவாக, அப்பாவின் தோளைத் தொட்டேன்.

அப்பா தலையை லேசாக ஆட்டி, தாளம் போடுவது போல விரலால் தொடையில் தட்டினார். பிறகு சொன்னார்:

"இது சின்னதுதானே? நீ சொன்னதுதான்யா சரி. பெருச விட இது தெளிவா பாடுது."

கடையே வெடித்துச் சிரித்தது. கடைப் பையன் கல்லாவில் சாய்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அப்பா சுவரைப் பார்த்தபடி இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அது மாமாவுக்கு உறைத்தது. இரண்டடி பின்னால் போய், "மச்சான்! பஸ்ஸு தீப்புடிச்சிருச்சு!" என்று கத்தினார். அப்பா திரும்பவில்லை. மாமா என்னைப் பார்த்தார். "டேய்… ஒங்கப்பனுக்குக் காது டமார்லா!"

வேறு பிள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் அழுதிருப்பான். நான் கெட்டிக்காரப் பிள்ளை. என் சோதனை ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது என்ற பூரிப்பில் நின்றேன். அப்பா, யாரும் தோளைத் தொடாததால் சந்தேகப்பட்டு மெல்லத் திரும்பினார். சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என் முகத்துக்கு வந்தார். நான் கடைப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்: "அப்பாவுக்கு எத வாங்கிக் குடுத்தாலும் ஒண்ணுதான், சின்னதையே கட்டுங்க."

முழு வாக்கியத்தையும் என் வாயிலிருந்து அவர் படித்தார். படித்து முடித்ததை நான் பார்த்தேன். கடைப் பையனிடம் திரும்பி, "தம்பி சொல்றதையே கட்டுங்க" என்றார்.

மாமா அதை எங்கே சொல்லவில்லை என்றுதான் கேட்க வேண்டும். கோப்பிக் கடையில், பஸ் பழுது பார்க்கிற பட்டறையில், கோயில் அன்னதான வரிசையில், சுவரைப் பார்த்து நின்று தொடையில் தாளம் போட்டு நடித்தே காட்டினார். தீபாவளிக்கு முந்தின வாரம் தவுக்கே பட்டறைக்கு வந்து, அப்பா குனிந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் லாரி ஒன்றின் ஹாரனை அழுத்தினார். பட்டறையில் இருந்த நாய்கூட எழுந்து ஓடியதாம். அப்பா காற்றடித்து முடித்து, மூடியைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்டுதான் நிமிர்ந்தாராம். இதை நடித்துக் காட்டியவரும் மாமாதான். அப்பாவின் பஸ் அடுத்த வாரமே மாமா கைக்குப் போயிற்று. "நான் சிரிக்கத்தான்க்கா சொன்னேன். நான் ஓட்டாட்டி வேற எவனோ ஓட்டப்போறான்" என்று அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மா அவருக்குச் சோறு போட்டார். திட்டியதெல்லாம் என்னைத்தான். "அளந்து பாத்தில்ல, நோட்டுல எழுதுனில்ல, இப்ப எழுதிக்க" என்றார்.

அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கிற ஜாகா வேலைக்குப் போனார். அவர் ஆள் ஏற்றி வந்து இறக்கிய அதே தொழிற்சாலை. அங்கேதான் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தினமும் காலையில் மாமாவின் பஸ் வரும்போது கம்பத் தடையைத் தூக்கிவிட வேண்டும். மாமா ஹாரன் அடித்துவிட்டு, உள்ளேயிருக்கும் ஆட்களைப் பார்த்துச் சிரிப்பாராம்.

காது கேட்காதவர் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டியது தப்புதானே, நீ செய்தது நல்லதுதானே என்று, பின்னாளில் பல்கலைக்கழகத்தில் ஒரு தோழி எனக்கு ஆறுதல் சொன்னாள். சட்டப்படி அவள் சொன்னது சரி. ஆனால் அன்று அந்தக் கடையில் என் மனத்தில் நாற்பது பேர் இல்லை. என் நோட்டுப் புத்தகம் மட்டும்தான் இருந்தது. அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ள முடியாது.

சின்ன ஜோடியைப் பத்திரிகையில் சொன்னபடியே வைத்தோம். எந்த இடத்தில் உட்கார்ந்தால் பாட்டு சரியாகக் கேட்கும் என்று நான் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்திருந்தேன். அந்தத் தீபாவளி காலையில் அப்பா புதுச் சட்டையோடு வந்து அந்தக் குறியின் மேலேயே உட்கார்ந்து, பாட்டு முடிகிறவரை அசையாமல் இருந்தார். அது தண்டனையா மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தெளிவான, அழகான ஒலி. நான் எழுதிக்கொண்டு வந்தது அத்தனையும் சரியாகத்தான் இருந்தது.

இப்போது புந்தோங்கில் ஞாயிறு காலைகள் அடங்கிவிட்டன. பாட்டெல்லாம் கைப்பேசிக்குள்ளும் காதுக்குள் செருகுகிற பொத்தானுக்குள்ளும் போய்விட்டது. சவரி அண்ணன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். ஆயர் தாவார் ஆலையையும் மூடிவிட்டதாகச் சொல்கிறார்கள். மாமா போன வருஷம் இறந்தார். பாடையைத் தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். எஞ்சியிருந்த செவித்திறனும் அப்பாவுக்குச் சுத்தமாகப் போய்விட்டது. அதோடு பேச்சும் போயிற்று. வீட்டில் அவர் குரல் கேட்டு நாளாகிறது.

போன மாதம் ஒரு மாலையில் அவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டு, என் முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அந்தக் கடையைப் பற்றி, அங்கே நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி, ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா வழக்கம்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது புரிகிற இடம் வந்தது.

அப்பா கண்களை மூடிக்கொண்டார். நான் எழுந்து போகும்வரை திறக்கவில்லை.