செல்லுக்கு நேரமாயிட்டு

சங்கரன்கோவிலில் நான் செல்போன் ரிப்பேர்க்காரி. ஸ்டெம் செல் எனும் குருத்தணு ஆராய்ச்சியில் நான் டாக்டர் பட்டம் வாங்கிய அன்று, "எம் மக செல்லுல டாக்டராயிட்டா" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது உடைந்த போனோடு வந்து நிற்பார்கள். தப்பைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விளக்குவேன். இது உடம்பில் இருக்கிற செல். கருவிழியின் மேல்படலம் தேயத் தேயப் புதுப்பிக்கிற குருத்தணுக்கள் அதன் ஓரத்தில் இருக்கின்றன. சுண்ணாம்பு தெறித்து அந்த ஓரம் வெந்துபோனால் பார்வை மங்கிவிடும். நல்ல கண்ணிலிருந்து துளியூண்டு எடுத்து, மதுரையில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு தட்டில் வைத்துப் படலமாக வளர்க்கிறோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இந்த டிஸ்பிளேவ என்ன செய்ய?" என்பார்கள்.

தம்பி கல்யாணம் வந்தது. இரண்டு தடவை கெட்டுப்போய், மூன்றாம் தடவையாக நான் வளர்த்த செல்கள் அப்போதுதான் நன்றாகப் பிடித்திருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றுக்கு உணவான பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். நேரம் தப்பினால் அவை தம் குணத்தையே இழந்துவிடும். பிறகு எந்தக் கண்ணுக்கும் ஆகாது. கல்யாணத்தன்று எனக்குப் பதிலாக ஊற்றுவதாகச் சொன்ன ஆய்வகத் தோழி முந்தின நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். தாலியின் மூன்றாவது முடிச்சையோ நாத்தனார் நான்தான் போட வேண்டும். இரண்டில் எதையும் விட எனக்கு மனமில்லை.

விடியற்காலை முகூர்த்தம். முடிச்சைப் போட்டேன். ஒரு போட்டோவுக்கு நின்றேன். பையைத் தூக்கினேன். பந்தி வாசலில் பெரிய மாமா மறித்தார்.

"ஏட்டி, கூடப் பிறந்தவன் கல்யாணத்துல கை நனைக்காம எங்க போற?"

"மதுரைக்கு மாமா. செல்லுக்கு நேரமாயிட்டு."

"செல்லுக்குச் சார்ஜ் போடவா மதுரை வரைக்கும் ஓடுத? இங்கன கரண்ட் இல்லையா?"

மண்டபமே சிரித்தது. கோபத்தில் எனக்குக் காது சுட்டது. விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். அவள் ஆடு வளர்க்கிறவள்.

"அண்ணே, உங்க மக கல்யாணத்துல, தாயில்லாக் குட்டிக்குப் பால் புகட்டணும்னு நான் பாதியில எந்திச்சு வந்தேம்லா? அன்னைக்கு யாரும் சிரிக்கல. இவ வளக்கதுக்கும் இவளை விட்டா ஆளில்ல. வழிய விடுங்க."

எத்தனையோ கூட்டங்களில் என் வேலையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, ஒரு பிழையில்லாமல் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மா பையில் திணித்த கேசரிப் பொட்டலத்தோடு பஸ் ஏறினேன். ஆய்வக வாசலிலேயே தலைப்பூவை எடுத்தேன். விரலில் ஒட்டியிருந்த தாலிக்கயிற்று மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து, தட்டு முழுக்க இடைவெளியே இல்லாத ஒரே படலமாக இருந்தன. திரவத்தை மாற்றிவிட்டு வெளியே வந்து, பட்டுச்சேலையோடு படியில் உட்கார்ந்து அழுதேன். பெருமையில்தான்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"தின்னுச்சா?" என்றாள்.

"தின்னுச்சும்மா. நல்லா வளந்திருக்கு."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் மண்டபத்தைப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணே, கண்ணு முளைச்சிட்டாம்! எம் மக முளைக்க வச்சிட்டா!"

முளைத்தது கண் இல்லை, மேல்படலம். இன்றுவரை நான் அதைத் திருத்தவில்லை.